கெல்லி கோட்டையும் வராத லிஃப்டும்

ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், பத்து காஜா அருகே 1915-இல் தம் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வேலைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். ஸ்பானியக் காய்ச்சலில் பலர் மாண்டதும் எழுந்த மாரியம்மன் கோயில் இன்னும் அங்கே இருக்கு. கூரைச் சிலைகளில் ஸ்மித்தும் ஒருவர்! ஆறு மாடிக் கோபுரத்தில் லிஃப்டுக்கு இடம் விட்டிருந்தார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார், லிஃப்ட் வரவேயில்லை.

சுமையைக் கணக்குப் போடுவோம். 10 செங்கல் 30 கிலோ, உயரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

30 × 9.81 × 15 = 4414.5 ஜூல்

இந்த ஈர்ப்பு நிலை ஆற்றல் இன்றும் அந்தச் சுவரில்தான் இருக்கு. ஆனால் சுமந்தவர் தம் 50 கிலோ உடம்பையும் தூக்கிக்கொண்டுதானே ஏறினார்? அதற்கு 7357.5 ஜூல். சுமையைவிட அதிகம்! மாணவர்கள் அடிக்கடி கோட்டை விடுவது இங்கேதான்.

சமதரையில் சுமந்து நடந்தால்? விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடையாக. செய்த வேலை சுழியம். “அப்போ தாத்தா பால்வாளி சுமந்தது வேலை இல்லையா சார்?” என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். தேர்வில் சுழியம்னு எழுது; தசை எரித்த ஆற்றல் வெப்பமாகப் போனது, அது தாத்தாவின் வேர்வை என்றேன்.