சாயவேரும் கரைமணலும்

சென்னை என்ற நகரம் எதற்காக உண்டானது என்று கேட்டால் கோட்டையைக் காட்டுவார்கள். கோட்டை எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. துணிக்காக. 1639இல் ஆங்கிலக் கம்பனி மதராசபட்டினத்தில் ஒரு துண்டு மணற்கரையைக் கேட்டு வாங்கியதற்கு, சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் எழுத்துத் துணியும் அங்கே மலிவாகக் கிடைத்ததே முதற் காரணம். நல்ல துறைமுகம் கூட அங்கே இருக்கவில்லை. பின்னர் நெசவாளருக்கென்று காலாடிப்பேட்டை, 1734இல் சிந்தாதிரிப்பேட்டை என்று குடியிருப்புகள் எழுந்தன. துணியை வெளுப்பவர்களின் பெயரில் வண்ணாரப்பேட்டை நிற்கிறது. இந்தத் துணிகளின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் பேட்டை மட்டும் அங்கே இல்லை. அது நகரம் எழுந்ததைப் போன்ற கரைமணலிலேயே முளைத்த ஒரு சிறு பூண்டின் வேரிலிருந்து வந்தது.

சாயவேர் என்று எமது ஆட்கள் சொல்வர். சித்த வைத்தியர்களுக்கு அது இம்பூறல். இரத்தம் கக்குபவர்களுக்குக் கொடுப்பது. தாவரவியலாளருக்கு ஒல்டென்லாண்டியா அம்பெல்லாட்டா. நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்துக் கம்பனிக்காகச் செடி சேர்த்த ஒருவரின் பெயர், எமது மணலில் விளைந்த பூண்டின் தலையில் ஏறிக்கொண்டது. மேலே பார்த்தால் களை போலத்தான் இருக்கும்: மெல்லிய தண்டு, ஒடுங்கிய இலை, சின்னஞ்சிறு வெள்ளைப் பூ. அதன் செல்வமெல்லாம் மணலுக்குள் நேராக இறங்கும் நூல் போன்ற வேரின் பட்டையில் இருந்தது. கோப்பியும் நுணாவும் இதன் குடும்பத்தவை.

சாயமிடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். பிறகு படிகாரக் கரைசலைத் தொட்டுச் சித்திரம் எழுதுவார்கள். எழுதும்போது நிறம் எதுவும் தெரியாது. அதன்பின் சாயவேர்ப் பொடி போட்ட நீரில் துணியைக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். மிச்சத்தைச் சாணநீரும் வெயிலும் வெளுத்துவிடும். சிப்பியும் சங்கும் நொறுங்கிச் சுண்ணாம்பேறிய மண்ணில் விளைந்த வேர் கூடுதல் பிரகாசமான சிவப்பைத் தரும் என்பதால், கடலோரத்து வேருக்கே மதிப்பு. ஆந்திரக் கரையில் பேட்டபோலியின் சிவப்புக்கு ஒரு பெயர் இருந்தது. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் வேருக்கும் இருந்தது. எத்தனை முறை தோய்த்தாலும் போகாத அந்தச் சிவப்பைப் பருத்தியில் ஏற்றும் வித்தை அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது.

தெரியாததால்தான் பிரெஞ்சு அரசு பயந்தது. 1686இல் இந்தியத் துணிகளைக் கொண்டுவருவதையும் அவற்றைப் போலச் செய்வதையும் தடைசெய்தார்கள். தடை 1759 வரை நீடித்தது. சீமாட்டிகளோ தடையை மதிக்கவில்லை. மறுபுறம் அதே அரசின் ஆட்கள் வித்தையைக் கற்கப் புதுச்சேரிக்குக் கண் வைத்தார்கள். 1734 அளவில் பொலியூ என்ற கடற்படை அதிகாரி, பாரிஸ் அரச தோட்டத்தின் தலைவரான துஃபே என்ற இரசாயனவியலாளர் கேட்டுக்கொண்டபடி, அங்கே ஒரு துணி எழுதப்படுவதை முதலிலிருந்து முடிவுவரை பார்த்து எழுதினார். ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்தும் வைத்தார். பதினொரு துண்டுகள். 1742இல் கேர்து என்ற யேசுசபைப் பாதிரியார், தன்னிடம் மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததைக் கடிதமாக எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னர் எடுத்துச் சொன்ன அதே கேர்துதான். வித்தையைச் சொன்ன சாயக்காரர் ஒருவரின் பெயரும் எமக்குத் தெரிய வழியில்லை.

பொலியூவின் கையெழுத்துப் பிரதி பாரிஸில், இயற்கை வரலாற்று நூதனசாலையின் நூலகத்தில் இருக்கிறது. பியர்ஃபித்தில் 2013இல் திறக்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்தில் எமது ஆட்கள் பலர் வாழும் வீதிகளுக்குப் பக்கத்திலேயே காகிதம் மலையாகக் குவிந்திருந்தாலும், அது பெரும்பாலும் 1789க்குப் பிந்திய அரசினுடையது. இந்தச் சிவப்பின் பிரெஞ்சுக் கதையில் முக்கால்வாசி அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. 1760இல் ஒபர்காம்ப் பாரிஸுக்கு அருகே ஜூயியில் அச்சுத்துணி ஆலையைத் தொடங்கினார். சாயவேருக்குப் பதில் அங்கே இவர்களுடைய கரான்ஸ் வேர். அதுவும் அதே குடும்பத்துச் செடிதான்.

இனி எமது கரைக்கு வருவோம். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. முத்தும் யானையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சாயவேர் பற்றி எழுதியது குறைவு. ஆனால் கம்பனிக்கு அதுவும் வருமானம்தான். வேர் படகேறிச் சோழமண்டலக் கரைக்குப் போனது. அங்கிருந்து வந்த துணி யாழ்ப்பாணத்தில் சிவப்பேறித் திரும்பியது. வேரைத் தோண்டியவர்கள் விரும்பித் தோண்டவில்லை. அது சாதிக் கடமையாக இருந்தது. வேர்குத்திப் பள்ளர் என்ற பெயரே அதைச் சொல்கிறது. வேர் முறியாமல் மணலைக் கிளறி எடுக்கும் வேலை. நூல் போன்ற வேர், ஒரு கட்டுச் சேர எத்தனை செடி வேண்டும் என்று வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1796இல் ஆங்கிலேயர் வந்தபின்னும் குத்தகைக்காரரிடம் உரிமை போனதே தவிர, குனிந்த முதுகு நிமிரவில்லை. எமது வரலாற்று நூல்களில் நல்லூர் மன்னர்களுக்கு அதிகாரம் அதிகாரமாக இடமுண்டு. இவர்களுக்கு ஒரு பந்தி கிடைத்தாலே பெரிது. கரையில் எது வளர்ந்தது என்ற அறிவு அதைத் தோண்டியவர்களிடம் இருந்தது என்பதால், அவர்களை விட்டு எழுதிய வரலாற்றில் செடியும் இல்லாமற் போனது எனக்கு வியப்பில்லை.

1868இல் கிரேபவும் லீபர்மானும் பெர்லினில் கரான்ஸ் வேரின் சிவப்பான அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். சாயவேரின் சிவப்பும் அதே பொருள்தான். சில ஆண்டுகளில் இரண்டு வேர்களும் விலைபோகாமற் போயின. பிரான்சின் கரான்ஸ் விவசாயிகளைத் தாங்குவதற்கென்று 1829இலிருந்து இராணுவத்துக்குச் சிவப்புக் காற்சட்டை கொடுத்திருந்தார்கள். 1914இல் அந்தக் காற்சட்டையோடு ஜெர்மனிக்கு எதிராகப் போனவர்களின் சிவப்பு, ஜெர்மன் இரசாயனச் சிவப்பாகிவிட்டிருந்தது. ஜெர்மன் தூள் எமது கரைக்கும் வந்தது. மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் பெரும்பாலும் இன்று காய்வது கடையில் வாங்கிய அலிசரின். இங்கே மார்த்தினிக், குவாதலூப் பெண்கள் விசேட நாட்களில் தலையில் கட்டும் துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர். பெயர் மட்டும்தான் மிச்சம்.

விலைபோகாத செடியைத் தோண்ட ஆளில்லை. அப்படியானால் அது பெருகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பெருகுவதற்கு மணல் வேண்டும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கும் அப்பாலும் கடல் கரையைத் தின்றது. அங்கே கரையென்று இப்போது கருங்கல் குவித்த சுவர்தான். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல். தெற்கே மணலெல்லாம் காணியாயிற்று. ஆங்கிலக் கம்பனி துணி தேடி வந்த கரையில் இராவணன் மீசையும் அடும்பும் கூட ஒதுங்கி நிற்கின்றன. செடி முற்றாக அழிந்துவிடவில்லை. உள்ளூர் மணற்பாங்கான தரிசுகளில் இன்னும் உண்டு. இயற்கைச் சாயத்தில் ஆர்வமுள்ள சிலர் விதைத்தும் பார்க்கிறார்கள். அது பரவி வாழ்ந்த கரைதான் நகரத்தின் அடியில் போய்விட்டது.

மன்னாரில் நகரம் அப்படி வளரவில்லை. யுத்தம் பல ஆண்டுகள் கரையை மனிதருக்கு மூடி வைத்தது. 1990இல் முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டார்கள். தமிழர் பலர் படகேறினார்கள். யுத்தத்துக்குப் பின் தீவின் தென்கரையில் காற்றாலைகள் எழுந்தன. 2025இல் மேலும் காற்றாலைகளுக்கும், இல்மனைட் மணல் அகழும் திட்டத்துக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மணலை அள்ளினால் கடல் உள்ளே வரும், கிணறு உவர்க்கும் என்பது அவர்களுடைய கவலை. மீன்பிடிப்பவர்களின் வாழ்வும் அந்தக் கரையோடுதான் இருக்கிறது. சாயவேர் என்ற சொல் அந்தக் கோரிக்கைகளில் இடம்பெற்றதாக நான் காணவில்லை.

இல்மனைட்டிலிருந்து பிரதானமாக எடுப்பது தைத்தானியம் ஒட்சைட்டு. சுவர்ப் பூச்சுக்கு வெள்ளை நிறம் தரும் தூள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சிவப்புக்காகக் கிளறிய மணலை இப்போது வெள்ளைக்காகக் கேட்கிறார்கள். முன்பு வேரை எடுத்துவிட்டு மணலை அங்கேயே விட்டார்கள்.