முத்திரை குத்திய மட்டைகள்

போன மார்கழியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கையால் வாழ்த்து மட்டை செய்து பார்க்க ஆசைப்பட்டோம். கொழும்பிலிருந்து எடுப்பிக்க ஒரு பட்டியலும் போட்டோம்: ரப்பர் முத்திரைகள், மைத்தட்டுகள், நிறத்தூள், மினுங்கல், தடித்த கடதாசி. கூட்டிப் பார்த்தால் கை கடித்தது. பட்டியலை எட்டிப் பார்த்த, எங்களில் ஒருத்தியின் அம்மா சிரித்துவிட்டா. "உதுக்கேன் பிள்ளையள் காசு? நாங்கள் பப்பாசித் தண்டாலயும் உடுப்புக்குப் போடுற நீலத்தாலயும் எல்லோ செய்தனாங்கள்."

பிறகு அறைக்குள் போய் ஒரு பிஸ்கட் ரின்னை எடுத்துவந்தா. உள்ளே ஏழு மட்டைகள். 1992, 93 ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கொடுத்தவை. எல்லாம் பழைய கொப்பி மட்டையை வெட்டி மடித்தவை. ஒன்றைத் திறந்தால் வாழ்த்துக்குப் பக்கத்திலேயே ஏழாம் வாய்ப்பாடு கிடக்கிறது. வெளியே நீலத்தில் வரிசையாக வளையங்கள், நடுவில் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளில் வெட்டிய ஒரு பானை, கீழே செங்கல் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூக்கள். இதைத்தான் இப்போது 'கலப்பு ஊடகம்' என்கிறோம். அப்போது அதற்குப் பெயரே இல்லை.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று எங்களில் பலருக்குக் கதையாகத்தான் தெரியும். 1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரம் போனது. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், கடதாசி, மை என்று ஒவ்வொன்றாக இல்லாமல் போயின, அல்லது யானை விலைக்கு வந்தன. ஜாம் போத்தலில் திரி வைத்துப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். 'உதயன்' பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது. பத்திரிகைக்கே அந்த நிலை என்றால் வாழ்த்து மட்டைக்கு யார் கடதாசி தருவார்கள்?

ஆனால் முத்திரை வளவிலேயே இருந்தது. பப்பாசி இலைத்தண்டு உள்ளே கோறை, குறுக்கே வெட்டினால் வளையம். வெண்டிக்காய் வெட்டினால் பூ. வாழை மட்டையை வெட்டினால் தேன்கூடு மாதிரிக் கண்ணறைகள். சித்திரப் பாடத்தில் நாங்களும் இதைச் செய்தோம்தான், புள்ளி வாங்கியதோடு மறந்துவிட்டோம். "உருளைக்கிழங்கு?" என்று கேட்டோம். அம்மா எங்களை ஒரு மாதிரிப் பார்த்தா. "கிழங்கைக் கறிக்கு வெட்டுவமோ, கார்ட்டுக்கு வெட்டுவமோ?" எழுத்து வேண்டுமென்றால் தேய்ந்த செருப்பு றப்பரில் பிளேட்டால் செதுக்கினார்களாம். எழுத்தை இடம் வலமாகச் செதுக்க வேண்டும். மறந்துபோய் நேராகச் செதுக்கிய ஒரு 'பொ' அந்த ஏழு மட்டைகளில் ஒன்றில் இருக்கிறது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

நிறங்களைப் பற்றி நாங்கள் கனநேரம் கதைத்தோம். மஞ்சள், சமையலறை மஞ்சள்தான். அதிலே ஒரு துளி சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் நடப்பதுதான். கறுப்பு, அடுப்புக்கரியும் விளக்குப் புகையும். பழுப்புச் சிவப்புக்குச் செங்கல்லை இடிக்கலாம், அல்லது கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணைத் துணியில் சலிக்கலாம். பிசின் வேம்பிலும் விளாத்தியிலும் கிடைத்தது. கோதுமை மாப் பசையும் ஒட்டும், ஆனால் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் தேடி வரும். இரண்டு மட்டைகளின் ஓரம் அப்படித்தான் அரிபட்டிருக்கிறது.

முப்பது வருசம் கழித்து எந்த நிறம் மிஞ்சியது என்பதையும் அந்த மட்டைகளே காட்டின. மஞ்சள் வெளிச்சத்துக்குத் தாங்காது. மஞ்சள் பூசிய இடங்கள் இப்போது வெறும் அழுக்கு நிறம். செம்மண் அப்படியே இருக்கிறது. அதன் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு, அதை வெயில் ஒன்றும் செய்யாது. கரியும் அப்படியே. நாங்கள் காசு கொடுத்து வாங்கப் பார்த்த நிறத்தூள்களிலும் சிவப்பும் பழுப்பும் கனக்க இதே இரும்பு ஒக்சைட்டுதான்.

சரி, இவ்வளவு மட்டைகள் செய்த ஊரில் ஏன் எங்களுக்கு ஏழுதான் கிடைத்தது? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி, செம்மணியும் நாவற்குழியும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அவசரத்தில் கையில் எடுத்தது உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கூப்பன் மட்டை. அதாவது, அலுவலக முத்திரை குத்திய மட்டைகள். முத்திரை இருந்தால்தான் சங்கக்கடையில் அரிசி. இயக்கத்தின் பாஸ் இருந்தால்தான் குடாநாட்டை விட்டு வெளியே போகலாம். 1996க்குப் பிறகு இராணுவத்திடம் பாஸ். 2006இல் ஏ9 பாதை மூடியபோது கப்பலேறவும் பாஸ். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு மட்டையும் முத்திரையும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான், பொங்கல் பானை அல்ல. வெண்டிக்காய் முத்திரை குத்திய மட்டையைக் காட்டி ஒருவரும் சோதனைச்சாவடி தாண்டியதில்லை. அம்மாவின் ஏழும் வந்தது தற்செயல், சான்றிதழ் பைலுக்குள் கிடந்திருக்கின்றன. மிச்சம் வீட்டோடு போச்சு.

மட்டை மட்டுமல்ல, ஓவியங்களும் போயின. குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் அ. மாற்கு, 1959இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கி எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். அவருடைய படைப்புகளில் பெரும்பங்கு அந்த இடப்பெயர்வில் தொலைந்தது. 2000இல் அவர் காலமானார்.

மாற்குவிடம் படித்தவர்களில் ஒருவர் தா. சனாதனன். யாழ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 2004இல் யாழ் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சிக்காக அவர் வீடு வீடாகச் சாதாரணப் பொருட்களைச் சேர்த்து வைத்தார். 2011இல் வந்த 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூலில், இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களுக்குப் பக்கத்தில் தன் ஓவியங்களையும் வைத்தார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. புத்தகமும் கந்தோர்க் கோவை மாதிரியே இருக்கும். பிறகு 2016 கொச்சி பியனாலேயில், நூலகங்களில் புத்தகம் தேடுகிற அந்த அட்டை இழுப்பறையையே எடுத்து, போருக்குள் சனம் எப்படிச் சமாளித்துச் சீவித்தது என்ற கதைகளை அட்டை அட்டையாக அடுக்கினார். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த நூலகத்தின் ஊரிலிருந்து போனவர் அந்த இழுப்பறையைத் தேர்ந்தெடுத்ததை நாங்கள் தற்செயலாக எடுக்கவில்லை. மட்டை, கோவை, பதிவேடு என்று எங்களை எண்ணி அடுக்கிய அதே சாமான்களில் எங்கட கதையை எழுதலாம் என்று அவர் காட்டினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 'தட்டுப்பாடுதான் கலையை வளர்த்தது' என்று சிலர் இப்போது இனிப்பாகக் கதைக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அதே தடையில் மருந்தில்லாமல் போன ஆக்கள் இருக்கிறார்கள். அம்மாவும் சொன்னா, "நல்ல பெயின்ற் கிடைச்சிருந்தா அதாலதான் செய்திருப்பம், விசரே?"

கடைசியில் பட்டியலைப் பாதியாக்கினோம். கடதாசியும் ஒரு மைத்தட்டும் மட்டும் வாங்கினோம், மிச்சத்துக்கு வளவைச் சுற்றினோம். முதல் நாள் செம்மண் கட்டிகட்டியாக ஒட்டியது. பிசினை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமாம், அது பிறகுதான் தெரிந்தது. அந்த ஏழு மட்டைகளையும் முன்னும் பின்னும் படமெடுத்து, வெளிச்சம் படாமல் பழையபடி ரின்னுக்குள் வைத்துவிட்டோம். உங்கள் வீட்டுச் சான்றிதழ் பைலுக்குள்ளும் இப்படி ஏதாவது கிடக்கலாம், ஒருக்கால் தட்டிப் பாருங்கோ. கண்டால் பின்பக்கத்தையும் படமெடுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.