புது டயர்ல கார் சும்மா சீறுதா? முதல் 300 கி.மீ நிதானம் பாஸ்!

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்திருக்கீங்களா? ஊரே சேர்ந்து வடம் பிடிக்கும். ஆனால், தெருமுனையில் தேரைத் திருப்புவதும், சரியான இடத்தில் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் சாமர்த்தியம்தான்.

உங்க ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கதைதான். இன்ஜின் எவ்வளவு பவர் கொடுத்தாலும், ரோட்டைத் தொடுவது ஆளுக்கொரு உள்ளங்கை அளவில் நாலு டயர்கள் மட்டும்தான். அதனால்தான் பெர்ஃபாமன்ஸ் டயர் மாத்தினதும் காரே புதுசா மாறின மாதிரி இருக்கிறது.

என்ன மாறும்?

பெர்ஃபாமன்ஸ் டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். ரப்பர் மென்மையாக இருக்கும். விறைப்பான சுவர் வளைவில் அதிகம் மடங்காது. அதனால், ஸ்டீயரிங்கைத் திருப்பின அடுத்த நொடியே கார் திரும்பும். மென்மையான ரப்பர் ரோட்டை நல்லா கவ்விப் பிடிக்கும். பிரேக் அடிச்சா சீக்கிரம் நிற்கும்.

இதுக்கு விலையும் உண்டு. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்குத் தெரியும். இரைச்சலும் கூடலாம், மைலேஜும் கொஞ்சம் குறையலாம்.

முதல் 300 கி.மீ ஏன் முக்கியம்?

அச்சில் இருந்து டயரை எடுக்க வசதியாகத் தடவும் வழவழப்புப் பொருள், புது டயரின் மேல்பரப்பில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது தேய்ந்து போகும்வரை முழு கிரிப் வராது. ரப்பர் கட்டைகளும் முழு உயரத்தில் இருப்பதால், வளைவில் லேசாக நெளியும். வீல்ல மாட்டும்போது பூசிய வழுக்குத் திரவம் காய்வதற்கு முன்பு ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியா அழுத்தினால், வீல்லயே டயர் நகர வாய்ப்பு இருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் டு ராஜபாளையம் சுமார் 11 கி.மீ. பதினாலு தடவை போயிட்டு வந்தால் 300 தாண்டிடும். அதுவரை திடீர் பிரேக், வேகமான திருப்பம் ரெண்டும் வேண்டாம்.

ரெண்டு டயர் மட்டும் மாத்துறீங்களா?

புதுசைப் பின்னாடி போடுங்க, முன்சக்கரம் இழுக்கிற காரா இருந்தாலும்! ஈர ரோட்டில் முன்டயர் வழுக்கினா, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டே பெரும்பாலும் சமாளிச்சிடலாம். பின்டயர் வழுக்கினா கார் அப்படியே சுழன்றுவிடும். ஒரே ஆக்ஸிலில் ரெண்டு வெவ்வேறு டயர்கள் கூடவே கூடாது.

வாங்கும்போது இதைப் பாருங்க!

195/55 ஆர்16 என்றால், அகலம் 195 மி.மீ, பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவிகிதம், ரிம் 16 இன்ச். இதுக்குப் பதில் 205/50 போட்டால் டயரின் மொத்த விட்டம் சுமார் 1.5 சதவிகிதம் குறையும்; ஸ்பீடோமீட்டர் அந்த அளவு கூடுதலா காட்டும். கார் கம்பெனி சொன்ன அளவுகளைத் தாண்டிப் போகாதீங்க.

தயாரிப்புத் தேதியையும் தேடுங்க. டாட் எழுத்துகளோட கடைசியில் 1425 என்று இருந்தால், 2025-ம் வருஷம் 14-வது வாரத்தில் தயாரானது. ரெண்டு, மூணு வருஷம் கடையில் கிடந்த டயரை 'புதுசு'ன்னு வாங்கிடாதீங்க. மாட்டின கையோடு வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங் ரெண்டும் பண்ணிடுங்க.

காற்று அழுத்தத்தைக் காலையில் டயர் சூடாகும் முன்பே பாருங்க. மத்தியான வெயில்ல ஓட்டிட்டு வந்து அழுத்தம் கூடியிருக்கேன்னு காற்றை இறக்கினால், ராத்திரி அது குறைவா ஆகிடும். சரியான அளவு, டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும்.

சாரல்ல கவனம்!

ராஜபாளையம் தாண்டி தென்காசி, செங்கோட்டை வழியா ஆரியங்காவு ஏறுறீங்கன்னு வைங்க. சாரல் விழ ஆரம்பிக்கும்போது ரோட்டில் படிந்த எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து வழுக்கும். நல்ல டயர் அந்த வழுக்கலைத் தள்ளிப்போடும், இல்லாமலாக்காது. அதோடு, கிரிப் அதிகமான டயர்ல நாம அறியாமலேயே வேகம் கூடும். பிடி விடும்போது அந்த வேகத்திலேயே விடும்.

புது டயர் கொடுக்கிற கூடுதல் பிடியை வேகத்துக்குச் செலவழிக்காதீங்க. திடீர்னு மாடு குறுக்கே வரும்போது அது தேவைப்படும்!