ஊர் சாட்சியிலிருந்து மூன்று சாட்சிக்கு

கொங்கு நாட்டில் கல்யாணத்தை நடத்திவைத்தவர் புரோகிதர் அல்ல, அருமைக்காரர். காங்கயம் பக்கம் எங்கள் ஊரில் என் பெரியப்பாதான் அருமைக்காரர். மனைவி மக்களோடு வாழ்கிறவராக, அதற்குரிய சீர்களைச் செய்து முடித்தவராக இருந்தால்தான் ஒருவர் அந்த இடத்துக்கு வர முடியும். நாட்டுக்கல் சீர், இணைச்சீர் என்று ஒவ்வொன்றும் அவர் சொல்லச் சொல்ல நடக்கும். இணைச்சீரில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ கூட நிற்பாள். குடிமகன் என்று ஊரார் அழைத்த நாவிதர் மங்கல வாழ்த்தைப் பாடுவார். வேத மந்திரம் இல்லாமலே கல்யாணம் நிறைவாக முடிந்துவிடும். 1960-களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972-ல் வெளியிட்ட தம் நூலில் கொங்குக் குடியானவர் வாழ்க்கையை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

அன்றைக்குக் கல்யாணத்துக்குக் காகிதம் கிடையாது. பந்தலில் ஊர் உட்கார்ந்திருந்தால் கல்யாணம் செல்லும். 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் 7-ஆவது பிரிவில் இதை ஏற்றுக்கொண்டது. மணமக்களில் யாராவது ஒருவரின் வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால் போதும் என்றது.

அந்தப் பந்தலின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோவை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நிற்கத் தொடங்கியபிறகு அதன் இன்னொரு பக்கமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஊர் சாட்சி என்றால் அதற்குள் ஊர் சம்மதமும் அடக்கம். முதல் கேள்வி "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்பதுதான். ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. சாதி வேறு என்றால் அந்தக் கேள்வியே எழாது. பந்தலுக்கு வெளியே நின்று பறையடித்த அருந்ததியர் வீட்டுப் பையன் பந்தலுக்குள் மாப்பிள்ளையாக உட்காருவதை ஊர் நினைத்தே பார்க்காது. பெண்ணும் பையனும் தங்களுக்குள் எடுக்க வேண்டிய முடிவை ஊர் தன் சொத்தாக வைத்திருந்தது. தனி வாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் உள்ள உரிமை என்று இன்று சட்டம் பேசுவது, கொங்கு மண்ணில் இந்தப் பந்தலுக்குள் தொடங்கிய வழக்குதான்.

அதை முதலில் உடைத்தவரும் இந்த மண்ணின் ஆள். 1909-ல் ஈரோட்டில் பெரியார், குழந்தையிலேயே விதவையான தம் தங்கை மகளுக்குச் சொந்தபந்தங்களின் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். 1928-ல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. பிறகு ஊர் ஊராக மேடை போட்டு, மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி ஆயிரக்கணக்கானோர் மணந்துகொண்டார்கள். அவர்கள் தலையில் 1953-ல் இடி விழுந்தது. 1934-ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சொத்து வழக்கில் சிக்க, சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இருபது வருடம் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்களின் உறவு, சடங்கு இல்லை என்ற ஒரே காரணத்தால் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லையென்று ஆனது.

அண்ணா ஆட்சிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று இதைச் சரிசெய்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்த 1967-ஆம் வருடத்துத் திருத்தம், 1968 ஜனவரி 20-ல் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும்; மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும், அவற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை. ஐயரும் வேண்டாம், அருமைக்காரரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். தமிழ்நாட்டுச் சட்டங்களில் நான் மிகவும் மதிக்கும் பிரிவு இதுதான்.

சட்டம் வந்ததும் ஊர் மாறிவிடவில்லை, ஆனால் ஊரை விட்டுப் போகிற வழி திறந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிகள் வந்தன. வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே ஷிப்டில் நின்றார்கள், ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். சம்பளம் கையில் வாங்கும் பெண், தன் கல்யாணத்தைப் பற்றித் தானே வாய் திறந்தாள். காந்திபுரம் பெரியார் படிப்பகத்தில் இன்றும் நடக்கும் சாதி மறுப்புத் திருமணங்களுக்குப் பின்னால் இந்த மில்லும் பனியன் கம்பெனியும் கல்லூரியும் இருக்கின்றன.

ஊர் விட்டுக்கொடுக்காத இடங்களில் ரத்தம் சிந்தியது. 2015 ஜூன் 23-ல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலில் உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்தபோதும் கோவில் கேமராப் பதிவு சாட்சி சொன்னது. 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதிசெய்தது. அடுத்தது உடுமலை. 2016 மார்ச் 13-ல் பட்டப்பகலில், பேருந்து நிலையம் பக்கத்தில், சாதி கடந்து மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கௌசல்யா காயங்களோடு பிழைத்து, பெற்றவர்களுக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020-ல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஒரு கோவில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும், பிடித்தவரைக் கட்டிக்கொண்டு ஒரு சிறு வீட்டில் குடித்தனம் செய்வதும் இந்த இருவரின் உயிரைக் குடித்தன.

அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில். அதற்கு முன்பே 1994-ல் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய தமிழ்நாட்டு வழக்கில், தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு இவற்றைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. புட்டசாமி தீர்ப்பை ஆதார் வழக்கு என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உடுமலையின் வழக்கு. யாரோடு வாழ்வது என்ற முடிவும் அந்தரங்கத்துக்குள் அடங்கும் என்று அதில் இருக்கிறது.

கோவையில் அந்த உரிமை சோதனைக்கு வந்தது 2019-ல். நகரத்தில் ஒரு தங்கும் விடுதியில் அதிகாரிகள் நுழைந்து, திருமணமாகாத ஒரு ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள், இன்னொரு அறையில் மதுபாட்டில் இருந்தது என்று காரணம் காட்டிக் கட்டடத்துக்கே சீல் வைத்தார்கள். திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சேர்ந்து வாழ்வதே குற்றமில்லாதபோது அறையில் தங்குவது எப்படிக் குற்றமாகும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் கேட்டு, சீலை அகற்றச் சொன்னார். கோகுல்ராஜ் வழக்கின் மேல்முறையீட்டைப் பிறகு விசாரித்த இருவரில் ஒருவரும் அவரே. அந்த விடுதித் தீர்ப்பு எங்கள் நகரத்தில் பலருக்கும் கசந்தது. "கலாச்சாரம் என்னாகறதுங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. பூட்டிய கதவுக்குப் பின்னால் பெரியவர்கள் இருவர் இருந்தால் ஊரும் அரசும் வெளியே நிற்க வேண்டும் என்பதே என் பதில். அந்தக் கதவை இன்று விடுதிக்கு உடைத்தால் நாளை வீட்டுக்கும் உடைப்பார்கள்.

என் தொழிலோடு நேராக மோதிய தீர்ப்பு ஒன்று உண்டு. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறைகளில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்றது. சான்றிதழ் விற்றுப் பிழைத்த சிலரை நினைத்து எழுதிய தீர்ப்பு அது. ஆனால் அடிபட்டது உயிருக்குப் பயந்து வந்தவர்கள்தான். என்னிடம் வருகிறவர்கள் பையில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் ஆதாரும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் இருக்கும், முகத்தில் தூக்கம் இருக்காது. "மேடம், வீட்டுக்குத் தெரியாம முடிச்சரோணுமுங்க" என்பார்கள். "பயப்படாத அம்மிணி, உக்காரு, முதல்ல தண்ணி குடி" என்றுதான் நான் தொடங்குவேன். பெண் வீட்டார் அதற்குள் 'காணவில்லை' என்று புகார் கொடுத்திருப்பார்கள். காவல் நிலையத்தில் இருபக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி, அழுகையும் மிரட்டலும் கலந்து பெண்ணைத் திரும்ப அழைத்துப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடுமலைக் கொலை நடந்த ஒரே மாதத்தில், 2016 ஏப்ரலில், இத்தகைய இணையரைக் காக்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களைப் பற்றிச் சொன்னதும் அந்தக் காவல் நிலைய மேசையில் நினைக்கப்படுவதில்லை.

2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 2014 தீர்ப்பை நீக்கியது. குடும்ப எதிர்ப்புக்கு நடுவே நிற்கும் இருவரை ஊரறியத்தான் மணக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாகும் என்றும், வழக்கறிஞர் நண்பர் என்ற முறையில் திருமணம் செய்துவைக்கலாம் என்றும் சொன்னது. பெரியப்பா பந்தலில் செய்ததை இன்று நானும் சட்டப்படி செய்யலாம்.

ஆனால் 7-ஏ இந்துக்களுக்கு மட்டும். மதம் மாறாமலே மதம் கடந்து மணப்பவர்கள் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் பெரும்பாலும் வர வேண்டும். அங்கே ஊர் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறது. 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், முகவரியோடு அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். அறிவிப்புப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் புரட்டிப் பார்க்கலாம். ஒருவரின் நிரந்தர ஊர் வேறு மாவட்டம் என்றால் நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். வெள்ளைக்காரன் போட்ட 1872-ஆம் வருடத்துச் சட்டத்தில்கூடக் காத்திருப்பு 14 நாள்தான். 1998 குண்டுவெடிப்பைக் கண்ட கோவையில், ஓர் இந்துப் பெண்ணின் பெயரும் ஒரு முஸ்லிம் பையனின் பெயரும் முகவரியோடு ஒரு மாதம் சுவரில் தொங்குவதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், இணையர் எழுதிக் கேட்டால் தவிர அந்த அறிவிப்பை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இங்கோ, ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொலை நடந்தபின் என்ன தண்டனை என்பதோடு அந்த ஆணையம் நின்றுவிடக் கூடாது. திருமணத்துக்கு முன்பே இணையரின் வீட்டு முகவரியை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் இந்தப் பலகையைப் பற்றியும் அது பேச வேண்டும். நாடாளுமன்றம் அந்தப் பிரிவுகளை நீக்க வேண்டும், அதுவரை தமிழ்நாட்டிலும் கேட்டால் மட்டுமே வெளியிடும் முறை வர வேண்டும். இரண்டு பேரும் பெரியவர்கள், மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டத்துக்கு அது போதும் என்றால் ஊருக்கும் போதும்.