வாயில்லா ஜீவனும் வெள்ளப் படகும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர்க்குக் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரி அந்நியமான ஊரன்று. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அதன் பஜார் ரோட்டில் தமிழ்க் குரல் கேளாத நாளில்லை. பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சியில், வேலி என்னும் பகுதியில், பொதுச் சலவைத் துறை ஒன்று உண்டு. அங்கே தொழில் புரியும் தமிழ்க் குடும்பத்தினர், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று கூறுவர். மும்பையிலோ தில்லியிலோ குடியேறி வாழ்கின்ற நேயர்களுக்கு, அத்தகைய முன்னோர் இருந்தனர் என்பதே ஓர் ஆறுதல்.

மட்டாஞ்சேரித் தெருக்களில் நடப்போர் கண்ணில் முதலிற் படுவன கிடங்குகளும் பழைய ஓட்டு வீடுகளும் மட்டுமல்ல. ஆடுகளும் பூனைகளும் அவற்றோடு உடன் தோன்றும். கடைப் படிக்கட்டில் உரிமையோடு படுத்திருக்கும் ஆட்டை எழுப்பிவிட்டுத்தான் வாடிக்கைக்காரர் உள்ளே போகவேண்டும். குஜராத்திச் சமணர்களின் ஆலயத்தில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் காட்சியைக் காண வெளியூரார் கூடி நிற்பர். மனிதரும் பிராணிகளும் நெருங்கி வாழும் அவ்வூரைப் பற்றி எண்ணுந்தோறும் ஒரு கேள்வி நம்முள் எழுகின்றது. வெள்ளம் வந்து, ஊரை விட்டு ஓடவேண்டிய வேளையில், இவ்வுயிர்களை மக்கள் என்ன செய்தனர்?

இக்கேள்வியைக் கேட்பதற்கு மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான இடம் அரிது. ஏனெனில், கொச்சித் துறைமுகமே வெள்ளம் ஈன்ற பிள்ளை. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் புரண்ட பெருவெள்ளம், நம் சங்கப் புலவர் பாடிய முசிறி இருந்த கொடுங்கல்லூர்ப் பக்கத்துத் துறையை மண்ணிட்டு மூடிக் கொச்சியின் கழிமுகத்தை ஆழமாக்கிற்று என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். பின்னர் அங்கு வந்து சேர்ந்தவர்களிலும் பலர் ஓடி வந்தவர்களே. கொடுங்கல்லூரை விட்டு வந்த யூதர்கள் மட்டாஞ்சேரியில் குடியேறினர். அவர்களுடைய பரதேசி ஆலயம் 1568ஆம் ஆண்டில் எழுந்தது. கோவாவில் போர்த்துகீசியர் ஆட்சியின் நெருக்கடிக்கு அஞ்சிக் கொங்கணியர் தெற்கே வந்தனர்.

இவர்கள் கையோடு கொண்டுவந்தவை பற்றிப் பேசும்போது, வேதச் சுருளையும் தெய்வத் திருமேனியையும் குடும்பத்தின் பொன்னையும் வரலாறு நினைவு வைத்திருக்கின்றது. பின்னே ஓடிவந்த நாயைப் பற்றியோ, கயிற்றை அறுத்துக்கொண்டு நின்ற பசுவைப் பற்றியோ நாம் படித்த ஏடுகளில் ஒரு வரியும் இல்லை. அரசர்க்கும் வணிகர்க்கும் கணக்கெழுதியவர்களுக்கு அது கணக்கில் வரும் பொருளாகத் தோன்றவில்லை போலும்.

நம் இதிகாசம் இவ்வாறு மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மகாபாரதத்தின் இறுதியில், தம்பியரும் மனைவியும் வழியில் வீழ்ந்த பின், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேற மாட்டேன் என்று தருமபுத்திரன் இந்திரனிடமே மறுத்து நின்றான். அந்நாய் தருமதேவதை என்பது பிறகு தெரிந்தது. அவன் மறுத்த வேளையில் அது வெறும் நாயே.

அண்மைக் காலத்திற்கு வருவோம். கேரளத்தில் முதியோர் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று ஒன்றைச் சொல்வர். கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். அதாவது 1924 ஜூலை. ஏறத்தாழ மூன்று வாரம் மழை ஓயவில்லை. மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில் பாதை அடியோடு அழிந்தது. அது மறுபடி போடப்படவே இல்லை. மலையில் பெய்த நீரெல்லாம் இறங்கிக் குட்டநாட்டு வயல்களைக் கடலாக்கிற்று.

அவ்வெள்ளத்தின் நினைவை ஒரு நாயின் வாயிலாக நமக்குத் தந்தவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 'செம்மீன்' படித்த தமிழர் அவரை நன்கறிவர். 'வெள்ளப்பெருக்கில்' எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது சிறுகதையில், குட்டநாட்டு ஏழைத் தொழிலாளி ஒருவன் குடும்பத்தோடு படகேறித் தப்புகின்றான். கூரைமேல் நின்ற நாய் மட்டும் விடுபட்டுப் போகின்றது. போகும் படகுகளைப் பார்த்துக் குரைத்தும், ஆளில்லா வீட்டைக் காவல் காத்தும், கடைசியில் அது நீரிலேயே மடிகின்றது. அத்தொழிலாளி கொடியவன் அல்லன். படகு வந்த அவசரத்தில் மறந்தான், அவ்வளவே. நம் நாட்டில் பிராணிகள் கைவிடப்படுவது பெரும்பாலும் இவ்விதமே என்பது நம் கருத்து. வெறுப்பினால் விடுவோர் சிலர். இடமில்லை, நேரமில்லை என்று விடுவோரே பலர்.

94 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. ஆயின் முடிவு ஓரளவு மாறியிருந்தது. 2018 ஆகஸ்டு 9ஆம் நாள், இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. 15ஆம் நாள் நெடும்பாசேரி விமான நிலையத்தை வெள்ளம் சூழ்ந்தது. அது 29ஆம் நாள் வரை மூடிக் கிடந்தது. ஆலுவாவும் பறவூரும் நீரில் ஆழ்ந்தன. கழிமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரி பெரிதும் தப்பிற்று. மாநிலம் முழுவதிலும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முகாம்களில் தங்கவேண்டியதாயிற்று. கடற்படையினரும் வந்தனர், கடலோர மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டும் வந்தனர்.

அந்நாட்களில் திருச்சூரில் நிகழ்ந்த ஒன்று உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வெளிவந்தது. ஒரு பெண்மணியும் அவர் கணவரும் தெருவில் ஆதரவற்றுக் கிடந்த நாய்களை எடுத்து வளர்த்து வந்தனர். வீட்டில் 25 நாய்கள் இருந்தன. நீர் உள்ளே புகுந்ததும் அவற்றைக் கட்டில்மேல் ஏற்றினர். மீட்புக் குழுவினர் படகுடன் வந்தனர். ஆட்களை மட்டுமே ஏற்ற இயலும் என்றனர். அம்மையார் வரமாட்டேன் என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு செய்தி பிராணி நலத் தொண்டர்களுக்கு எட்டியது. அவர்கள் சென்றபோதும் நாய்கள் கட்டில்மேல் கூட்டமாய் நின்றன. நாய்கள் அனைத்தையும் ஏற்றிக்கொள்ள ஏற்பாடான பின்னரே அவர் வீட்டை விட்டு வெளியேறினார்.

இதைக் கேட்டு மெய்சிலிர்ப்போரும் உண்டு. பைத்தியக்காரத்தனம் என்போரும் உண்டு. இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்றே நமக்குப் படுகின்றது. படகோட்டியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறிய படகு, கீழே பாய்ந்தோடும் நீர், மிரண்ட நாய் கடிக்கும், துள்ளும். அது துள்ளினால் மடியில் குழந்தையுடன் இருப்பவளும் நீரில் விழுவாள். அடுத்த கூரையில் நிற்கும் கிழவருக்கு வேண்டிய இடத்தை நாய்க்குத் தருவதா என்று அவன் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது?

எனினும் மற்றொரு கணக்கும் உண்டு. அப்பெண்மணிக்காகப் படகு ஒன்றுக்கு இரண்டாக வரவேண்டியதாயிற்று. முதலில் வந்தவர்களிடம் ஒரு கூண்டும் நாலு கயிறும் இருந்து, எங்கே கொண்டு சேர்ப்பது என்றும் தெரிந்திருந்தால், முதல் பயணத்திலேயே கொஞ்சமேனும் காரியம் நடந்திருக்கும். பிராணிக்கு இடம் வைக்காத மீட்பு, அதை விட்டுப் பிரியாத மனிதரையும் வெள்ளத்திலேயே விட்டுச் செல்கின்றது.

அமெரிக்கா இப்பாடத்தைக் கடுமையான வழியில் கற்றது. 2005இல் காத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, வளர்ப்புப் பிராணிகளைப் பேருந்துகளிலும் முகாம்களிலும் ஏற்க மறுத்தனர். புயலுக்குப் பின் எடுத்த ஒரு கருத்தாய்வில், வெளியேறாமல் இருந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர், பிராணிகளை விட்டுவர மனமில்லாமையும் ஒரு காரணம் என்றனர். மறு ஆண்டே, 2006 அக்டோபரில், ஆபத்துக்காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் வழி செய்யவேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது.

வங்கக் கடற்கரை உழவர்க்கு இது பாசம் மட்டுமன்று, பிழைப்பும் ஆகும். 1970 நவம்பர் 12ஆம் நாள் போலாப் புயலில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பின்னர் வங்காளதேசத்தில் கடலோரமெங்கும் உயர்ந்த மண்மேடுகளை எழுப்பினர். 'முஜிப் கில்லா' என்று அவை பெயர் பெற்றன. மனிதருக்கு மட்டுமன்றி மாடுகளுக்கும் புகலிடமாக அவை அமைந்தன. மாட்டை ஏற்ற இடம் இருந்தால் மாட்டுக்காரனும் வருவான் என்னும் எளிய அறிவு அதில் இருக்கின்றது. குட்டநாட்டு மக்கள் 2018இல் யாரும் சொல்லாமலே இதைச் செய்தனர். உயரமான சாலைகளிலும் பாலங்களிலும் மாடுகளைக் கொண்டுவந்து கட்டி, அருகிலேயே தாமும் காத்துக் கிடந்தனர்.

விட்டுத்தான் போகவேண்டும் என்ற நிலை வந்தால் கட்டவிழ்த்து விடுங்கள் என்று பிராணி நலத்தார் அவ்வெள்ளத்தின்போது திரும்பத் திரும்ப வேண்டினர். மாடு நீந்தும், நாய் மேட்டைத் தேடிப் போகும். சங்கிலியில் கிடப்பது நின்ற இடத்திலேயே மூழ்கும். தொலைநகரங்களில் அடுக்குமாடி வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கும் நேயர்கள் மழைக்காலத்திற்கு முன்பே ஒரு கூண்டும் கழுத்துப் பட்டையும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும், மூன்று நாள் உணவும் ஒரு பையில் எடுத்து வைப்பது நலம். சொந்த ஊரானால் அண்டை வீட்டாரிடமோ அத்தை வீட்டிலோ விடலாம். பிழைக்கப் போன ஊரில் அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தமிழர்க்கு நெருக்கமான ஒன்றையும் ஈண்டு குறிப்பிடவேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளை மூடியது. மாண்ட 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அங்கே 'குவி' என்றொரு நாய் இருந்தது. அது நாள்தோறும் ஆற்றோரம் அலைந்து, தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிற்று. பிறகு உண்ணாமல் மெலிந்த அதனைக் காவல் துறையின் நாய்ப்படையில் பணிபுரிந்த ஒருவர் அழைத்துச் சென்று பராமரித்தார். உயிர் பிழைத்த பாட்டி அந்நாயைத் தம்மிடமே தரவேண்டும் என்று விரும்பினார். வீடும் போய், உறவும் போய், மிஞ்சியது அதுதான். 2021இல் குவி அவரிடம் திரும்பி வந்தது.

மற்றொரு நாயின் கதை மீண்டும் கொச்சியில் வந்து முடிகின்றது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்குப் படித்துக்கொண்டிருந்த நம் நாட்டு மாணவர் சிலர் தாம் வளர்த்த பிராணிகள் இன்றித் திரும்ப மறுத்தனர். ஆந்திரத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் வளர்த்தவையோ ஒரு ஜாகுவாரும் ஒரு கருஞ்சிறுத்தையும்! அவற்றை எந்த விமானத்தில் ஏற்றுவது? அவர் அங்கேயே தங்கிவிட்டார். நாயும் பூனையும் உடன் கொண்டுவருவதற்கு மட்டும் நடுவண் அரசு அம்முறைக்கென விதிகளைத் தளர்த்திற்று.

இடுக்கி மாவட்டத்து மருத்துவ மாணவி ஒருத்தி, சைபீரிய இனத்து நாய்க்குட்டி ஒன்றை வளர்த்து வந்தாள். அதனுடன் எல்லையை நோக்கிப் பல கிலோமீட்டர் தூரம் நடந்தாள்; குட்டி களைத்தபோது தூக்கிக்கொண்டாள். சுமை தாங்காமல் தன் உடைமைகளில் சிலவற்றை வழியிலே போட்டுவிட்டாள். ருமேனியா வழியாகத் தில்லிக்கு வந்தாயிற்று. அங்கிருந்து கேரளம் செல்ல ஏற்பாடாகியிருந்த விமானத்தில் நாய்க்கு இடமில்லை என்றனர். உடன் வந்தவர்கள் ஏறிச் சென்றனர், அவள் ஏறவில்லை. பின்னர் வேறு ஏற்பாடு செய்யப்பட்டது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில், நான்காண்டுகளுக்கு முன் வெள்ளம் சூழ்ந்து மூடிக் கிடந்த அதே நெடும்பாசேரி நிலையத்தில், இருவரும் ஒன்றாகவே வந்து இறங்கினர்.