பாப்பாத்தியம்மாள் கோவில்

பாளையங்கோட்டைக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது ஊசிக்கோபுரம். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-இல் எழுந்த தூய திரித்துவ ஆலயம் அது. அதற்கும் நாற்பது ஆண்டுகள் மூத்த சிற்றாலயம் ஒன்று அதே ஊரில் இருப்பதை அறிந்தோர் குறைவு. மக்கள் அதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோவில்' என்றே வழங்குகின்றனர். நெல்லைச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதனைக் கட்டியவர் கிளாரிந்தா. தஞ்சையைச் சார்ந்த மராத்தியப் பிராமணக் குலத்தவர். இளமையிலேயே கைம்பெண் ஆனவர். இயற்பெயர் கோகிலா என்பது வழிவழிச் செய்தி. லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்த அவர், அவரிடமே ஆங்கிலமும் கிறித்தவமும் கற்றார். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்கு வேண்டியபோது, மணமின்றி அதிகாரியோடு வாழ்வதைக் காட்டி அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் மறைந்தபின், 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்குத் திருமுழுக்களித்தார்.

அ. மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவலைப் படித்தவர்கள், உடன்கட்டையினின்று அவர் மீட்கப்பட்ட காட்சியை நினைவில் வைத்திருப்பர். நாவலாசிரியரை ஈர்ப்பது அந்த நெருப்பே. எனக்கோ அதன் பிறகான ஆண்டுகளே வியப்பளிக்கின்றன.

ஒருமுறை வாசலில் நிறுத்தப்பட்டவர், கசப்புற்று விலகியிருக்கலாம், விலகவில்லை. எஞ்சியிருந்த பொருளைத் தனக்கென வைத்துக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. இக்கூட்டம் வழிபடத் தம் பொருளைக் கொண்டும், ஆங்கில அதிகாரிகள் சிலரின் உதவி பெற்றும் கோவில் எழுப்பினார். 1785-இல் சுவார்ட்ஸ் நேரில் வந்து அதனைத் திருநிலைப்படுத்தினார். கோவிலையொட்டி அவர் வெட்டிய கிணறும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

அதே பயணத்தில்தான் பாளையங்கோட்டைச் சிறுவன் ஒருவனைச் சுவார்ட்ஸ் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். குற்றாலக் குறவஞ்சி பிறந்த இம்மண்ணிலிருந்து சென்று, பின்னாளில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவரே.

ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய திருச்சபையில் ஒரு பெண் குருவாக முடியாது. தாம் கட்டிய கோவிலில் கிளாரிந்தா பீடமேற இயலாது. ஆகவே சபையை நடத்தத் தஞ்சையிலிருந்து சத்தியநாதன் என்னும் உபதேசியார் வந்தார். 1790-இல் குருவாக அபிடேகம் பெற்றார். தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால், 1799-இல் 'முதலூர்' என்னும் கிறித்தவக் குடியிருப்பு உருவானது. பட்டமும் பதவியும் பிறருக்குரியவாயின. கூரையும் கிணறும் அவர் தந்தவை. பணிவிடை என்பதற்கு அகராதி தரும் பொருளினும் இது தெளிவான பொருள்.

இன்னொரு முரணும் உண்டு. திருமுழுக்கால் அவர் பெற்ற பெயர் கிளாரிந்தா. குலத்தைத் துறந்து வெளியேறினார்; உறவினரை இழந்தார். ஆயினும் ஊர் நாவில் நிலைத்தது அவர் துறந்த குலத்தின் பெயர்தான். இதனை அன்பின் அடையாளம் என்பதா, சாதியின் பிடிவாதம் என்பதா? இரண்டும் கலந்தே இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. நெல்லைச் சபைகளின் பிற்கால வரலாறும் இவ்விரண்டுக்கும் இடையிலான போராட்டமாகவே பெரிதும் அமைந்தது.

ஊசிக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். பாப்பாத்தியம்மாள் கோவிலுக்கு அது தேவையில்லை. நேரே பார்த்தாலே போதும். அடுத்தமுறை பாளையங்கோட்டைக்குச் செல்லும் அன்பர்கள், ஒரு நாழிகை ஒதுக்கி அங்கும் சென்று வாருங்கள்.