துடைப்பம் ஏறிய பெண்கள்

நம் ஊர்ப் பேய்களுக்குப் பறந்து செல்லத் துடைப்பம் தேவைப்பட்டதில்லை. கெடிலத்திற்கும் தென்பெண்ணைக்கும் இடையே, பலாத் தோப்புகளும் கரும்பு வயல்களும் சூழ்ந்த அண்ணாகிராமத்துச் சிற்றூர்களில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்: பேய் புளியமரத்தில் குடியிருக்கும், உச்சிப்பொழுதில் தனியே செல்லும் பெண்ணைப் பிடிக்கும், துடைப்பத்தால் அடித்தால் ஓடும். ஐரோப்பியக் கதைகளிலோ கூம்புத் தொப்பியணிந்த கிழவியொருத்தி அதே துடைப்பத்தின் மேலேறி நிலவை நோக்கிப் பறக்கிறாள். இங்கே பேயை விரட்டும் கருவி, அங்கே சூனியக்காரியின் வாகனம். இந்த வேறுபாடு வேடிக்கையானதாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டு இடங்களிலும் துடைப்பம் ஒரு பெண்ணோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிணைப்பு எப்படி வந்தது, அதனால் யார் துன்புற்றார்கள் என்று ஆராய்வது திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்குப் பயனுடையது. ஏனெனில் அந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு.

மூத்தவள் எப்படி மூதேவியானாள்?

தமிழகத்தில் துடைப்பத்தைத் தனக்குரிய அடையாளமாகக் கொண்ட தெய்வம் ஒன்று இருந்தது. தவ்வை, சேட்டை, மூதேவி என்றெல்லாம் அவள் அழைக்கப்பட்டாள். தவ்வை என்றால் தமக்கை. மூதேவி என்றால் மூத்த தேவி. வடமொழியில் ஜேஷ்டை என்பதற்கும் அதுவே பொருள். திருமகளின் அக்காள் என்பதே அவளுக்குரிய உறவுமுறை. காக்கைக் கொடியும் கழுதை ஊர்தியும் கையில் துடைப்பமும் அவளுக்கு உரியவை என நூல்கள் சொல்கின்றன. பெருத்த வயிற்றோடு கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, இருபுறமும் மகனும் மகளும் இருக்கக் காட்சி தரும் அவளுடைய சிலைகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

அவள் வெறுக்கப்பட்டவள் அல்லள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பல்லவர்கள் அவளுக்கு இடம் தந்தனர். பாண்டிய நாட்டுத் திருப்பரங்குன்றத்தில், 8-ஆம் நூற்றாண்டில், அமைச்சர் சாத்தன் கணபதியின் மனைவியாகிய நக்கன் கொற்றி என்னும் பெண்மணி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் குடைவித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் தம் திருமாலையில், செல்வம் வேண்டிச் சேட்டையை நாடுவோரைக் கடிந்துகொள்கிறார். அவர் கடிந்துகொண்டதிலிருந்தே மக்கள் அவளிடம் செல்வம் வேண்டினார்கள் என்பது தெளிவாகிறது. திருவள்ளுவரோ அதற்கு முன்பே பொறாமைக்கும் சோம்பலுக்கும் அவளைக் குறியீடாக்கிவிட்டார். சோழர் காலத்திற்குப் பின் அவளது வழிபாடு மெல்ல மெல்ல மறைந்தது. சிலைகள் கருவறை விட்டு வெளியேறின. வயலோரத்திலும் குளக்கரையிலும் கிடந்தன. பெயர் மட்டும் எஞ்சியது. இன்று அந்தப் பெயர் காலையில் எழத் தாமதித்த மகளையும், கணவனை இழந்து எதிரே வரும் பெண்ணையும் நோக்கி வீசப்படும் வசைச்சொல்லாக இருக்கிறது.

தெய்வமாக இருந்தவளின் பெயர் வசையாகவும், அவளது கைக்கருவி இழிவின் சின்னமாகவும் மாறின. துடைப்பத்தால் அடிபடுவதைவிடப் பெரிய அவமானம் நம் சிற்றூர்களில் இல்லை. பேயை விரட்ட அதையே எடுப்பதற்கும் இதுவே காரணமாகலாம். ஆனால் அந்த அடி விழுவது பேயின் மீதன்று. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் முதுகின் மீது.

மயக்கம் என்று சொன்ன சட்டம்

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். இரவில் பெண்கள் கூட்டமாகப் பறந்து செல்கிறார்கள் என்னும் நம்பிக்கை கிறிஸ்தவம் அங்கே வேரூன்றுவதற்கு முன்பே இருந்தது. டயானா என்னும் உரோமைப் பெண் தெய்வத்தின் பின்னே விலங்குகளின் மேலேறிப் பல காதங்கள் கடப்பதாகச் சில பெண்கள் நம்பினர். திருச்சபை இதனை எவ்வாறு எதிர்கொண்டது? பிரூம் மடத்தின் தலைவராயிருந்த ரெகினோ ஏறத்தாழ 906-ஆம் ஆண்டில் ஆயர்களுக்கெனத் தொகுத்த சட்டநூலில் இதற்கு விடை உண்டு. இப்பெண்கள் உண்மையில் எங்கும் செல்வதில்லை. கனவில் கண்டதை உடலால் செய்ததாக எண்ணி மயங்குகிறார்கள். அதை உண்மையென நம்புவதே பிழை. குருக்கள் இதனை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விதி வொர்ம்ஸ் நகர ஆயர் புர்க்கார்டின் தொகுப்பில் இடம்பெற்று, ஏறக்குறைய 1140-இல் கிராசியான் தொகுத்த திருச்சபைச் சட்டத்திலும் சேர்ந்தது.

இந்த ஆரம்ப நிலைப்பாட்டை நாம் நினைவில் இருத்த வேண்டும். 'இருண்ட காலம்' என்று நாம் எளிதாகப் பெயர் சூட்டும் அந்த நூற்றாண்டுகளில், திருச்சபைச் சட்டம் பறக்கும் பெண்களை நம்பவில்லை. நம்பியவர்கள் பின்னால் வந்த கற்றோர்.

துடைப்பம் எப்போது பறந்தது?

15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைச்சாரல்களில் ஒரு புதிய அச்சம் பரவியது. சூனியம் செய்வோர் தனித்தனி மனிதர் அல்லர். சாத்தானோடு உடன்படிக்கை செய்து, இரவில் கூடி, திருமறையை அழிக்கத் திட்டமிடும் இரகசியக் கூட்டத்தார் என்று நீதிபதிகளும் இறையியலாரும் எழுதத் தொடங்கினர். தொலைவிலுள்ள கூட்டத்திற்கு ஒரே இரவில் சென்று திரும்ப வேண்டுமானால் பறந்துதானே ஆகவேண்டும்? ஆகவே பறத்தல் குற்றச்சாட்டின் பகுதியாயிற்று. கோல், கவைக்கழி, முக்காலி, ஆடு எனப் பலவும் வாகனங்களாகச் சொல்லப்பட்டன. துடைப்பம் நிலைத்தது. அது ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் இருந்தது; பெண்ணின் கையில் இருந்தது; நிரூபிக்கத் தேவையற்ற சான்றாக மூலையில் சாய்ந்து நின்றது.

மார்த்தேன் லெ பிரான் என்பவர் பெண்களுக்காக வாதாடி எழுதிய பிரெஞ்சு நெடும்பாடலின் 1451-ஆம் ஆண்டு ஏட்டுப் பிரதி ஒன்றின் ஓரத்தில், ஒருத்தி துடைப்பத்திலும் மற்றொருத்தி கோலிலும் பறக்கும் சிறு ஓவியம் உள்ளது. நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழைமையானது இதுவே என்பர். இரண்டே ஆண்டுகளில், 1453-இல், துடைப்பத்தில் பறந்ததாக ஒரு மனிதர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் பெண் அல்லர். கியோம் எதெலின் என்னும் குரு, இறையியல் அறிஞர். பறப்பதெல்லாம் பொய்த்தோற்றமே என்று மறையுரையாற்றியவர் அவர். பழைய சட்டத்தின் போதனையை எடுத்துச் சொன்னவரையே புதிய அச்சம் குற்றவாளியாக்கி, ஆயுள் முழுதும் சிறையில் தள்ளியது.

1484-இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெளியிட்ட ஆணைமடல், ஜெர்மன் நாடுகளில் சூனிய விசாரணை நடத்த சாமிநாதர் சபைக் குருவான ஹைன்ரிக் கிராமருக்கு அதிகாரம் அளித்தது. அவர் 1486-87-இல் வெளியிட்ட 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்னும் நூல், பெண்ணினம் இயல்பாகவே இத்தீமைக்குச் சாய்வது என வாதிட்டது. பழைய சட்டம் வேறொரு கூட்டத்தாரைப் பற்றியது, இவர்கள் புதியவர்கள் என்று கூறி அதனை ஒதுக்கியது. 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்றும், அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்றும் இன்றைய வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களாக இல்லை. 'சூனியக்காரியை உயிரோடு விடாதே' என்ற பொருள்படும் மோசேயின் சட்ட வாக்கை இருசாராரும் ஓதினர். அதே திருநூலில், ஏந்தோரில் வாழ்ந்த குறிசொல்லும் பெண், உணவின்றித் துவண்டு விழுந்த சவுல் அரசனுக்குத் தன் வீட்டுக் கன்றை அடித்து விருந்திட்டாள் என்பதை ஓதியவர் சிலரே.

கேட்டறிந்த இருவர்

திருச்சபைக்குள்ளிருந்தே எதிர்க்குரலும் எழுந்தது. ஸ்பெயின் நாட்டு லொக்ரோஞ்ஞோவில் 1610-இல் ஆறு பேர் எரிக்கப்பட்டபின், விசாரணைக் குழுவினருள் ஒருவரான அலொன்சோ தெ சலாசார் என்னும் குரு, அடுத்த ஆண்டு ஊர் ஊராகச் சென்றார். 1,802 பேர் அவரிடம் வாக்குமூலம் அளித்தனர். அவர்களுள் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். கூட்டம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இடங்களைச் சென்று பார்த்தார். பறக்கப் பூசியதாகச் சொல்லப்பட்ட தைலங்களைச் சோதிப்பித்தார். ஒன்றிலும் சான்று இல்லை. அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகே சூனியக்காரிகள் தோன்றினார்கள் என்று அவர் முடிவு செய்தார். 1614-இல் ஸ்பெயின் விசாரணை மன்றம் அவர் கருத்தையொட்டிக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர்.

ஜெர்மனியில் இயேசு சபைக் குரு பிரெட்ரிக் ஸ்பே, 1631-இல் தம் பெயரை வெளியிடாமல் ஒரு நூல் எழுதினார். சித்திரவதையே சூனியக்காரிகளை உண்டாக்குகிறது. அதே வதையை நீதிபதிகளுக்கும் குருக்களுக்கும் செய்தால் நாம் எல்லோருமே சூனியக்காரர்கள் என ஒப்புக்கொள்வோம் என்பது அவர் வாதம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கொள்ளைநோயுற்ற போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோயுற்று இறந்தார்.

இந்த இருவரும் பெரிய தத்துவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார்கள், அவ்வளவே.

புளியமரத்து ஆணி

இது ஐரோப்பியர் கதை என்று நாம் ஒதுங்க முடியுமா? பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்கி ஆய்வு செய்த இசபெல் நபோக்கோவ் என்னும் மானிடவியலார், செஞ்சிப் பகுதியின் பேயோட்டும் சடங்குகளை விரிவாக எழுதியுள்ளார். பேய் பிடித்தவர்களுள் பெரும்பாலோர் புதிதாக மணமான இளம்பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்பட்டவை, அகால மரணமடைந்த இளைஞர்களின் ஆவிகள். பம்பை முழக்கத்தின் நடுவே பேயைப் பெயர் சொல்ல வைத்து, எப்போது பிடித்தாய், ஏன் பிடித்தாய் எனக் கேட்டு, இறுதியில் பெண்ணின் தலைமயிர்க் கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு, அவளைக் கணவன் வீட்டுக்கு அனுப்புவர். பிறந்த வீடு விட்டு அயலூர் வந்த அந்தப் பெண் தன் வாயால் சொல்ல முடியாத துயரம் ஏதேனும் பேயின் வாயால் வெளிவந்திருக்குமா என்று அங்கே கேட்பார் அரிது. கேள்விகள் எல்லாம் பேய்க்கு உரியவை. அவளுக்கு உரியது அடி.

நம் திருத்தலங்களும் இதற்கு விலக்கல்ல. வெள்ளிக்கிழமைகளில் தலைவிரித்து ஆடும் பெண்களைக் கொடிமரத்தடியில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டனர். வடக்கே பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும், சூனியக்காரி என்று பெண்களை முத்திரை குத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நிலத்தைப் பறிக்க விரும்புவோருக்குத் தனித்து வாழும் கைம்பெண் எளிதில் சூனியக்காரி ஆகிவிடுகிறாள்.

தீய ஆவியின் செயலைத் திருச்சபை மறுக்கவில்லை. எனினும் 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே, ஒருவரைப் பேய் பிடித்ததென எளிதில் நம்பலாகாது. நோயிலிருந்து அதைப் பிரித்தறிய வேண்டும் என்று குருக்களை எச்சரித்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1172-ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நடத்த இயலாது. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையின் பெயரால் இழைத்த வன்முறைக்காகவும் பெண்களின் மாண்புக்கு எதிரான பாவங்களுக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்த வேண்டுதல் பங்குதளத்தில் உண்மையாக வேண்டுமானால், தலைவிரி கோலமாக ஒரு பெண் அழைத்து வரப்படும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, 'உன்னை எந்தப் பேய் பிடித்தது?' என்பதன்று, 'உனக்கு என்ன நேர்ந்தது, அம்மா?' என்பதே. அடுத்து அவள் உண்டாளா, உறங்கினாளா, யாரேனும் அடிக்கிறார்களா என்று அறிய வேண்டும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். செபமும் செய்ய வேண்டும்.

கிராமர் சேர்ந்திருந்த அதே சாமிநாதர் சபையில், சூனிய விசாரணைகள் கொழுந்துவிட்டெரிந்த அதே நாள்களில், பெரு நாட்டின் லீமாவில் ஒரு சகோதரர் வாழ்ந்தார். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்குப் பிறந்த மார்த்தின் தெ போரஸ் மடத்தைப் பெருக்கினார், நோயாளிகளைப் பேணினார். 1962-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரைத் துடைப்பத்தோடுதான் வரைகிறார்கள். 'துடைப்பச் சகோதரர்' என்றே மக்கள் அழைத்தனர்.

ஆண்டவர் இயேசுவும் துடைப்பத்தை இழிவாக எண்ணவில்லை. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில், காணாமற்போன ஒரு காசுக்காக விளக்கேற்றி வீடு முழுவதும் பெருக்கித் தேடும் பெண்ணை அவர் நம் முன் நிறுத்துகிறார். தொலைந்தவரைத் தேடும் கடவுளுக்கு அவர் தந்த உவமை அவள். நாளைக் காலை வாசல் தெளிக்கக் குனியும் நம் தாயையும் மனைவியையும் மகளையும் அந்த உவமையின் ஒளியில் பார்ப்போமாக. அவர்களுள் ஒருத்தியை ஊர் பேய் என்றோ மூதேவி என்றோ சொல்லுமானால், அவள் பக்கத்தில் போய் நிற்போமாக.